கத்திரி வெட்டாமல் விட்டது

அந்த ராக் குழுவின் வீடியோக்களைப் பார்த்தவர்கள் ஏராளம். அத்தனையையும் வெட்டி ஒட்டியவள் ஒருத்திதான். டிரம்ஸ் அடிப்பவனுக்கு அவள் அண்ணி. மற்றவர்களுக்குக் கத்திரி. எடிட்டிங் வேலை பார்ப்பவளுக்கு வேறென்ன பட்டப்பெயர் வைப்பார்கள்? முதலில் கோபப்பட்டாள், அப்புறம் பழகிவிட்டது. இப்போது வங்கியில் நிஜப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

கல்யாணமான புதிதில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தாள். பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி. கீழே பல்லைக் குடைகிற சத்தம், மேலே மேளதாளம். புருஷன் மின்சாமான் கடையில் விற்பனையாளன். அவன் தம்பி மூணு பேரைச் சேர்த்துக்கொண்டு வீட்டுக் கார் ஷெட்டில் தகரம் அதிர அடித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் கேசட்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்கே வந்து நின்றான்.

"அண்ணி, நம்ம முதல் பாட்டு. நீங்கதான் வெட்டித் தரணும்."

"எனக்கு மாப்பிள்ளை பொண்ணு தவிர ஒண்ணும் தெரியாது தம்பி."

"அதே மாதிரி போட்டுக் குடுங்க, போதும்."

அதே மாதிரிதான் ஆனது. கேமரா பிடித்தவன் அவள் புருஷன். கை ஆடியது, நடுநடுவே தன் செருப்பையும் எடுத்திருந்தான். அந்த இடங்களை எதையாவது வைத்து மறைக்க வேண்டியிருந்தது. ஸ்டுடியோ கணினியில் இருந்ததோ இதயம் விரிவது, ரோஜா இதழ் கொட்டுவது, பக்கம் புரள்வது. 'ஊரே எரியட்டும்' என்று பாடகன் தொண்டை கிழியக் கத்த, இதயம் விரிந்து டிரம்ஸ்காரன் வந்தான். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் இன்னும் நாலு பேருக்குக் காட்டினார்கள். ஒரு பத்திரிகைக்காரர் மட்டும் சிரிக்காமல், 'காதல் என்ற போலித்தனத்தின் மீது வீசப்பட்ட கல்' என்று எழுதினார். அவள் அதை உரக்கப் படித்துக் காட்ட, புருஷனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

குழு பெரிதானது. பாட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். செயற்கை மழை, புகை, உடைப்பதற்கென்றே வாங்கிய கிதார். பாடகனுக்கு இடுப்பு வரை முடி, அதனால் சடையன். மேடையில் புலிதான். ஆனால் கேமராவைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தன் பாட்டுக்குத் தானே வாயசைக்க வராது. எந்தக் காட்சியையும் கண் இமைக்கும் நேரத்துக்கு மேல் விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவள் சிதற வெட்டினாள். முடி, கண், மழை, கால், முடி. அந்த வேகத்துக்கு ஒரு பெயர் வைத்து மற்ற குழுக்களும் காப்பியடித்தன.

அப்புறம் ஒரு வீடியோவில் விளக்குக்காரர் சொதப்பியதில் எல்லார் முகமும் பாசிபிடித்த மாதிரி பச்சையாக வந்தது. மறுபடி எடுக்க வழியில்லை. அவள் வண்ணத்தையே எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கினாள். 'பையன்கள் வளர்ந்துவிட்டார்கள்' என்று எழுதினார்கள். அதைப் படித்துப் படித்து, குழுவே நாம் வளர்ந்துவிட்டோம் என்று நம்ப ஆரம்பித்தது. காலி நாற்காலி, கடற்கரை, மெல்லச் சாத்துகிற கதவு என்று எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. டிரம்ஸ்காரனை விட்டு அவன் மனைவி பிரிந்துபோன வருஷத்தில் எடுத்த பாட்டு ஒன்று. அவன் எடிட்டிங் அறைக்கு வந்து, சுவரைப் பார்த்தபடி, "அண்ணி, இதுல என் மூஞ்சி வேணாம்" என்றான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. பாட்டு முழுக்கக் கைகளை வைத்தே நிரப்பினாள். கிதார் நரம்பில் ஒரு கை, டிரம்ஸ் குச்சியைப் பிடித்த கை, எதுவும் செய்யாமல் தொடையில் கிடந்த கை. 'கைகள் பேசுகின்றன' என்று அதற்கும் எழுதினார்கள். அன்று அந்த அறையில் அவன் அழுதது எந்த எழுத்திலும் வரவில்லை.

வருஷங்கள் ஓடின. சடையனுக்கு முடி போனது, பெயர் போகவில்லை. தொப்பையை மறைக்க மார்புக்கு மேலேயே வெட்டுவாள். வழுக்கை தெரியாமல் இருக்க, அவன் குனியும் முன்பே வெட்டுவாள். அவளுக்கும் கழுத்து பிடித்துக்கொண்டது, திரையைப் பார்த்தால் கண்ணில் நீர் வழிந்தது.

இந்த நிலையில்தான் அவள் புருஷன் கடையில் ஃபேன் இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அப்படியே சரிந்தான். உயிர் தங்கியது, இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு ஒற்றைச் சொற்களாகச் சுருங்கியது. காலையில் அவனைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்க் கணினி முன்னால் உட்காருவாள். அவன் முனகினால் எழுந்து ஓடுவாள். திரும்பி வந்தால், எங்கே விட்டோம் என்பது மறந்திருக்கும்.

புதுப் பாட்டு அந்த நேரத்தில் வந்தது. பழைய கிடங்கு ஒன்றில், நாலு பேரும் உட்கார்ந்து வாசிப்பதை ஒரே நிலையில் நின்ற கேமரா எடுத்திருந்தது. பக்கத்திலிருந்து எடுத்த துண்டுகளும் தனியாக இருந்தன. பாட்டு முடிந்தபின்னும் யாரோ கேமராவை நிறுத்த மறந்திருந்தார்கள். சடையன் குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான், வழுக்கை பளபளத்தது. கிதார்காரன் கண்ணாடியைத் தேடினான். டிரம்ஸ்காரன் துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தான். யாரும் யாரோடும் பேசவில்லை.

அவள் வெட்ட உட்கார்ந்தாள். புருஷன் கூப்பிட்டான், போனாள். திரும்ப உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன், எழுந்தாள். மூன்றாம் முறை உட்கார்ந்தபோது கை மவுஸின் மேல் இருந்தபடியே கண் சொருகியது. விழித்தபோது வெயில் சன்னலை விட்டுப் போயிருந்தது. ஒரு வெட்டுகூட விழவில்லை. ஓடவிட்டுப் பார்த்தாள், முதலிலிருந்து முழங்கால் வரைக்கும். சரி, இருக்கட்டும் என்று தோன்றியது. கலை நோக்கமெல்லாம் இல்லை. உடம்பில் தெம்பு இல்லை. அப்படியே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே சடையன் போனில் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, என்னக்கா இது? ஃபைல் மாத்தி அனுப்பிட்டீங்களா?"

"இல்ல. அதுதான்."

"நான் முட்டியத் தேய்க்கிறதெல்லாம் ஊருக்கே காட்டணுமா? தலை வேற டார்ச் லைட் மாதிரி அடிக்குது!"

"தேய்ச்சது நீதான? நானா தேய்ச்சேன்?"

"அக்கா, விளையாடாதீங்க."

"தம்பி, எனக்குத் தெம்பு இல்ல. இத்தன வருஷமா உன் வாய மறைச்சேன், வயித்த மறைச்சேன், தலைய மறைச்சேன். இனிமே முடியாது. வேணும்னா வேற ஆளப் பாத்துக்க."

இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. குரல் உயரவுமில்லை, அதுதான் அவனைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். "அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கடைசியில் கேட்டான். "படுத்திருக்காரு" என்றாள்.

வேறு ஆள் தேடவில்லை. வெளியிடும் தேதி நெருங்கிவிட்டது என்று குழுவில் சொல்லிக்கொண்டார்கள். டிரம்ஸ்காரன்தான் மற்றவர்களிடம், "யாராவது தொட்டீங்கன்னா நான் டிரம்ஸ் அடிக்க வரமாட்டேன்" என்று முடித்துவிட்டான் என்பது பிறகு தெரிந்தது.

வீடியோ வெளியானது. முன்பு கூச்சலிட்ட ரசிகர்கள் இப்போது அமைதியாக எழுதினார்கள். என் அப்பா வேலை முடிந்து வந்து இப்படித்தான் உட்காருவார் என்று ஒருவர். பாட்டைவிட அதற்குப் பிறகு வருகிற மௌனத்துக்காகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் என்று இன்னொருவர். ஒரு விமர்சகர், 'இதுவே இந்தக் குழுவின் முதிர்ச்சி' என்று எழுதினார். டிரம்ஸ்காரன் அதை அண்ணிக்குப் படித்துக் காட்டினான். அவள் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.

"முதிர்ச்சியா? அசதிப்பா."

"ரெண்டும் ஒண்ணுதானோ என்னவோ அண்ணி."

அடுத்த நாளிலிருந்து காலை வேலையை அவன் எடுத்துக்கொண்டான். அண்ணனைத் துடைப்பதும் கஞ்சி ஊட்டுவதும் அவன் பொறுப்பு. முதலில் பாதிக் கஞ்சி சட்டையில் போனது. அவள் பக்கத்து அறையில் படுத்து அதைக் கேட்டாள், எழவில்லை. அப்படியே தூங்கிப்போனாள்.

சில வாரம் கழித்துச் சடையன் பழக்கூடையோடு வந்தான். வாசலில் நின்று காலணியைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டான், உள்ளே வரப் பயம். கட்டிலருகே போய் நின்றான். படுத்திருந்தவன் அவனை மேலும் கீழும் பார்த்தான், வலக்கையை மெல்லத் தூக்கித் தன் தலையைத் தொட்டுக் காட்டி, "எங்க?" என்றான்.

சடையனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தான், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "கொட்டிருச்சுண்ணே" என்றான்.

பிறகு அவள் பக்கம் திரும்பி, "அக்கா, அடுத்த பாட்டு ரெடியாகுது..." என்று இழுத்தான்.

"அத அப்புறம் பேசலாம். இவரப் புரட்டணும். அந்தப் பக்கம் தோளப் பிடி. இழுக்காத, தாங்கிக்க."

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தான். இருவருமாகப் புரட்டினார்கள். முதுகில் தலையணையைச் செருகினார்கள். அவள் கசங்கிய விரிப்பை உருவி எடுத்துக்கொண்டு, துவைக்கப் போட நடந்தாள்.