முசிறியிலிருந்து வந்த குரோட்டன்ஸ் குச்சி

குரோட்டன்ஸ் கிளையை ஒடித்தால் பால் வடியும். துணியில் பட்டால் பழுப்புக் கறை, எந்த சோப்புக்கும் போகாது. எங்கள் அப்பாவிடம் கறை இல்லாத பனியன் ஒன்றுகூடக் கிடையாது...

கே.கே. நகர் வீட்டில் வாசலிலிருந்து கொல்லை வரை குரோட்டன்ஸ்தான். மஞ்சள் புள்ளி போட்டது, ரிப்பன் மாதிரி முறுக்கினது, அகல இலை... எது யார் வீட்டுக் குச்சி என்று இலையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஒன்று மட்டும் யார் வீட்டிலிருந்தும் வந்ததில்லை. அப்பாவே விதை போட்டு முளைக்க வைத்தது. விதையில் வருவது தாய்ச்செடி மாதிரி இருக்காது, தனி ரகமாகிவிடும். இதற்குக் கறுப்போடிய சிவப்பில் சுருண்ட இலை, நடுநரம்பு மட்டும் ரோஸ். ஊரில் வேறு எவரிடமும் இல்லை. அதைப் பார்த்துப் பார்த்து வளர்த்தது அக்கா.

அக்கா தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு முசிறிக்குப் போனாள். போகும்போது அதில் ஒரு கிளையையும் ஒடித்துக்கொண்டு போயிருக்கிறாள். அன்றைக்கே அப்பா அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எறிந்தார். அவள் பேரை வீட்டில் எடுக்கக் கூடாது என்றார்.

அம்மாவுக்குத் தாங்குமா?

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு முசிறி பஸ் ஏறினாள். திரும்பும்போது பையில் ஒரு குச்சி. இலையெல்லாம் கிள்ளியிருந்தது. கொல்லையில் முருங்கை நிழலில் தொட்டியில் நட்டாள்.

“கோயில் பக்கத்துல ஒரு வீட்டுல கொடுத்தாங்க” என்றாள். அப்பா தலையாட்டினார்.

துளிர் பச்சையாகத்தான் வந்தது. இலை முற்றினால் நிறம் ஏறும் என்பது அம்மாவுக்குத் தெரியாதா என்ன... பெத்த மனசு, யோசிக்கவில்லை. கொஞ்ச நாளில் இலை சுருண்டது, கறுத்தது. மங்கலாக ரோஸ் நரம்பும் தெரிந்தது.

ஒருநாள் காலையில் அப்பா அதன் முன்னால் நின்றார். இதையும் பிடுங்கி எறியப் போகிறார் என்று நினைத்தோம்.

“நிழல்ல வெச்சா நிறம் எப்படி வரும்?” என்றார். தொட்டியைத் தூக்கிப் போய் முன்வாசல் வெயிலில் வைத்தார். அவ்வளவுதான்.

மனசு இளகிவிட்டது என்று நம்பி அம்மா அக்காவுக்கு போன் பண்ணினாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கைக்குழந்தையோடு வந்து கேட்டில் நின்றாள். அப்பா ‘வா’ என்று சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அப்பா அந்தத் தொட்டிக்குத்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். திரும்பக் குனிந்து, வாளி காலியாகும்வரை ஊற்றினார்.

“என்னங்க... புள்ளையவாவது பாருங்க” என்று அம்மா கெஞ்சினாள்.

எங்களையும் உள்ளே இழுத்துக் கதவைத் தாழ் போட்டார். சாகிறவரை அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் அந்தச் செடிக்குத் தண்ணீர் மட்டும் தவறவில்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

இன்றைக்கு அந்த இடத்தில் அபார்ட்மென்ட் நிற்கிறது. இப்போதெல்லாம் நர்சரியில் வாங்குகிறோம், யார் வீட்டுக் குச்சி என்று கேட்க ஆளில்லை. அந்தத் தொட்டி மட்டும் ஸ்ரீரங்கத்தில் என் பால்கனியில் இருக்கிறது.

போன வாரம் அக்கா வந்திருந்தாள். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன். “அப்பா கடைசி வரைக்கும் உன் செடிக்குத் தன் கையாலதான் தண்ணி ஊத்தினார்க்கா.”

“தெரியும்டா... கேட்ல நின்னு பாத்தேனே. எவ்வளவு பொறுமையா ஊத்தினாரு” என்றாள்.