புழு இல்லாத பாத்தி

இருதயம்மாள் ராயபுரத்தில் பிறந்தவள். திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு சாயக் கம்பெனியின் தொழிலாளர் லைன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருஷன் வால்டர் அந்தக் கம்பெனியில் பாய்லர் பார்த்தான். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தை அவளே கொத்தி, கல் பொறுக்கி, முளைக்கீரையும் அரைக்கீரையும் போட்டாள். கம்பெனிக் கால்வாய்த் தண்ணீரை எடுத்துக்கொள்வதைக் கேட்பாரில்லை. சில நாள் அது ஊதாவாக ஓடும், சில நாள் மஞ்சளாக. கீரை மட்டும் எப்போதும் பச்சைப் பசேலென்று வந்தது. காலடிப்பேட்டையில் அவள் கூடை வந்த பிறகுதான் பல வீடுகளில் அன்றைய சமையல் முடிவாகும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில், மழை விட்டதும் நாத்தனார் ஐரீன் வந்தாள். அவளுக்குப் பெண்கள் கல்லூரி ஒன்றின் விலங்கியல் கூடத்தில் வேலை. மாணவிகள் அறுத்துப் படிக்க மண்புழு வேண்டும் என்று டப்பாவோடு வந்திருந்தாள். இருவரும் இடம் மாற்றி மாற்றித் தோண்டினார்கள். ஈரம் காயாத மண்ணில் ஒரு புழுகூட இல்லை.

ஐரீனுக்கு அது உறுத்தியது. அந்த ஞாயிறு பூசை முடிந்ததும், மாதா கோயில் தோட்டத்து மண்ணையும் அங்கே பிடித்த புழுக்களையும் கொண்டு வந்தாள். ஒரு தொட்டியில் கோயில் மண், இன்னொன்றில் பாத்தி மண். இரண்டிலும் புழுக்களை விட்டார்கள். கோயில் மண்ணில் விட்டவை உடனே உள்ளே நுழைந்துகொண்டன. பாத்தி மண்ணில் விட்டவை மேலேயே கிடந்து நெளிந்தன. தொட்டியின் விளிம்புக்கு ஏறப் பார்த்தன. ஐரீன் இரண்டையும் ஈரச் சாக்கால் மூடிவிட்டுப் போனாள்.

மறு ஞாயிறு சாக்கை விலக்கியபோது பாத்தி மண் தொட்டியிலிருந்து நாற்றம் வந்தது. அதிலிருந்த புழுக்கள் நைந்த நூல் மாதிரிக் கிடந்தன; கோயில் மண்ணில் விட்டவை உயிரோடு இருந்தன. இருதயம்மாள் ஒப்பவில்லை. கீரை நன்றாகச் செழித்த மூலையிலிருந்து மண்ணை அள்ளி, தன் கையாலேயே வேறு புழுக்களை விட்டுப் பார்த்தாள். அவையும் செத்தன.

"அப்போ என் கீரை வெசமா?" என்று அடுத்த ஞாயிறு வந்த ஐரீனிடம் கேட்டாள்.

"புழு செத்ததை வச்சு அதை நிச்சயமா சொல்ல முடியாது அண்ணி. மண்ணு கெட்டிருக்கு, அது மட்டும் தெரியுது. ஆனா இனிமே நான் இந்தக் கீரையைத் தின்ன மாட்டேன்."

"இத்தினி நாளா வித்தேனே?"



அன்று மாலை விஷயத்தைக் கேட்டதும் வால்டர் கொதித்தான். கம்பெனி சோறு போடுகிறது, லைன் வீடும் அவர்களுடையது, புழுவைக் காட்டி வேலைக்கு உலை வைக்காதே என்றான். அவன் பயம் அவளுக்கும் இருந்தது. கம்பெனியைப் பற்றி அவள் எங்கும் பேசவில்லை. ஆனால் பாத்திக் கீரையை வேரோடு பிடுங்கிக் குழியில் போட்டு மூடினாள். பிறகு வெறுங்கூடையோடு காலடிப்பேட்டைக்குப் போய், வாடிக்கை வீடுகளில் ஒன்று விடாமல் நின்று, தன் மண் சரியில்லை, இதுவரை கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று சொன்னாள். சிலர் திட்டினார்கள். சிலர் சிரித்து, நாளைக்கு வா என்றார்கள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு பல நாள் இருதயம்மாளின் மனசை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு விடியற்காலை ரயிலில் மீஞ்சூருக்குப் போய்த் தோட்டக்காரர்களிடம் வாங்கி வந்து விற்றாள். அலைச்சல் அதிகம், மிச்சம் குறைவு. வால்டர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு நாள் அவள் ரயிலிலிருந்து இறங்கியபோது அவன் பிளாட்பாரத்தில் நின்றிருந்தான். பெரிய கீரைக்கட்டை அவளிடமிருந்து வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "லைன்ல எல்லாம் கேட்டாங்க, உன் பொஞ்சாதி ஏன் பாத்திய அழிச்சிட்டான்னு" என்றான்.

"இன்னா சொன்ன?"

"உள்ளத சொல்ட்டேன். இன்னும் நாலு வூட்ல அந்தத் தண்ணிலதான் வெண்டக்கா போட்டுகினு கீறாங்க."

அவள் நின்று அவனைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த கட்டையும் அவனிடம் கொடுத்துவிட்டு, சேலையை உதறிச் செருகிக்கொண்டு நடந்தாள்.