இருந்துகொண்டு வர ஏலும்

இடது கால் செருப்பு கழன்றதை நான் அறியவில்லை. துறைமுகத்துத் தார்த்தரையில் இருபது யார் தூரம் நடந்த பிறகு, பின்னால் வந்த நசீர் கூப்பிட்டார்.

"சேவியரண்ணன், செருப்பு அங்க கிடக்கு. கால் சுடல்லையா?"

சுடவில்லை. தார் உருகும் வெயிலில் என் உள்ளங்காலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். அங்கே வேலை குறைந்ததும் வளைகுடாத் துறைமுகம் ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் போனேன். மூதூர்க்காரரான நசீர் என்னோடு ஒரே அறையில் இருந்தார். மூன்று மாதமாக எனக்கு நாரி நோ (இடுப்புக்கு மேலே முதுகு வலி). பாரந்தூக்கியில் நாள்முழுதும் இருந்த நோவென்று எண்ணெய் பூசிக்கொண்டு திரிந்தேன்.

கம்பனி வைத்தியசாலையில் ஒரு மலையாளி டொக்டர் படம் எடுத்துப் பார்த்தார். முள்ளந்தண்டுக் காசநோய் (நெஞ்சில் வரும் அதே கிருமி எலும்பை அரிப்பது) என்றார். இரண்டு எலும்புகள் கரைந்திருந்தன. சீழ் சேர்ந்து, கால்களுக்குப் போகும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"இனி உட்காரவே கூடாது. ஊருக்குப் போறதும் படுத்துத்தான்" என்று சொல்லி, அதையே கடிதமாக எழுதித் தந்தார்.

இதே நோயோடு வெளிநாட்டில் கிடப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். விமானத்தில் படுத்து வருவது எப்படியென்று எனக்கு அதுவரை தெரியாது. பின்பக்கம் மும்மூன்று இருக்கைகள் கொண்ட இரண்டு வரிசைகளின் முதுகுகளை மடித்து, அவற்றின் மேல் தூக்குப் படுக்கையைப் பூட்டுவார்கள். ஆறு இருக்கைகளுக்கும் கட்டணம் கட்டவேண்டும். கூட வருபவருக்கு ஏழாவது. கம்பனி அதைக் கட்டுவதாகச் சொல்லியிருந்தது.

அந்தக் கிழமையே பக்கத்து நாட்டோடு சண்டை தொடங்கியது. துறைமுகத்தை மூடினார்கள். கம்பனிக்காரர் எங்களுக்கு முன்னமே போய்விட்டார்கள்.

எங்களை எல்லை தாண்டி வேறொரு நாட்டு விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பஸ்ஸின் தரையில் மெத்தை விரித்து நான் கிடந்தேன். ஊரிலிருந்து ஒரு விமானம் வந்திருந்தது. யாரும் கையில் காசு கொடுக்கத் தேவையில்லை. ஓர் இருக்கைக்கு ஒரு பத்திரம். ஊருக்குப் போய்ப் பிறகு கட்டுகிறேன் என்று ஒப்பமிட்டால் சரி. இருக்கை இலக்கம் கிடையாது. பட்டியலில் பேர் இருந்தால் ஏறலாம்.

மேசையில் இருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியும். டொக்டரின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"நீங்கள் படுத்தால் ஆறு இடம் போகும். உங்களுக்கு உரியது ஒண்டு. மற்ற அஞ்சு இடத்துக்கும் நான் ஆரை வெட்டுறது?"

அவர் குனிந்து, மெத்தையில் கிடந்த என் முகத்துக்கு நேரே பட்டியலைப் பிடித்தார்.

"கடைசி அஞ்சு பேர் இவையள். அடுத்த பஸ்ஸில வருகினம். நீங்களே பேரைச் சொல்லுங்கோ, நான் வெட்டுறன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். அந்த ஐந்தில் ஒருவரின் பேருக்கு நேரே இறக்கக்கண்டி, திருகோணமலைக்குப் பக்கத்து ஊர், என்று எழுதியிருந்தது.

நசீர் என் காதருகே வந்தார். "அண்ணன், பார்க்காதீங்க. அவங்க ஆம்புளையள், எப்படியும் வந்திருவாங்க. நீங்க படுத்து வாங்க."

எனக்கு ஏலவில்லை. இருந்துகொண்டு (உட்கார்ந்தபடி) வர ஏலும் என்று வெள்ளைத் தாளில் எழுதி ஒப்பமிட்டேன். டொக்டரின் கடிதத்தை அதிகாரி மடித்து என் சட்டைப்பையில் வைத்தார்.

இரண்டு பேர் என்னைத் தூக்கி இருக்கையில் வைத்துப் பட்டியைக் கட்டினார்கள். நாரிக்குள் கத்தியைச் செருகிவிட்டுத் திருகுவதுபோல இருந்தது. விமானம் காத்திருந்தது. பிறகு கதவைச் சாத்தினார்கள். இரண்டாம் பஸ் வரவில்லை.

எனக்கு முன்னால் ஐந்து இருக்கைகள் வெறுமையாக இருந்தன.

நசீர் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார். கிளம்பும்போது எல்லோரும் நிமிர்ந்துதான் இருக்கவேண்டும், மேலே போனபிறகு பார்க்கலாம் என்றாள்.

விமானம் உந்தி எழும்பியபோது முதுகுக்குள் ஏதோ மெல்ல இறங்கிப் பதிந்தது. தொடை வழியே ஒரு சூடு ஓடியது. அதோடு வலி நின்றது. முழுதாக நின்றது. மூன்று மாதத்துக்குப் பிறகு நான் மூச்சை நிறைத்து இழுத்தேன். மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

சொன்னபடியே அந்தப் பெண் வந்தாள். முன் வரிசையில் கைப்பிடிகளை உயர்த்தி, இப்போது படுக்கலாம் என்றாள்.

"வேண்டாம், இப்ப சுகம்" என்றேன்.

இதை வாசிக்கும் நோயாளிகளே, முள்ளந்தண்டு நோ திடீரென்று நின்றால் சந்தோஷப்படாதீர்கள். உடனே யாரிடமாவது சொல்லுங்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எல்லோரும் எழும்பினார்கள். நான் எழும்பச் சொன்னேன், கால்கள் எழும்பவில்லை. காற்சட்டை நனைந்திருந்தது. அதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கொழும்பில் ஏழு மாதம் சாந்துப் படுக்கையில் (உடம்பின் அச்சில் வார்த்த சுண்ணத் தொட்டில்) கிடந்தேன். தினமும் ஊசி. சிறுநீருக்குக் குழாய். நான் இருந்துகொண்டு வந்த கதையைக் கேட்ட பெரிய டொக்டர் பேனையை மூடி வைத்தார்.

"படுத்து வந்திருந்தால் நடந்திருப்பனோ?"

"அதைக் கேட்டு இப்ப என்ன செய்யப்போறீங்கள்?" என்றார்.

கிருமி செத்தது. இடது காலில் பாதி உணர்வு திரும்பியது. வலது காலில் திரும்பவில்லை. திருகோணமலை லிங்கநகர் வீட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்னைப் புரட்டுவது என் மனைவி றோசலினின் வேலையாயிற்று. புரட்டாவிட்டால் தோல் புண்ணாகும். ஒருநாள் புரட்டிக்கொண்டே கேட்டாள்:

"அந்த அஞ்சு பேரும் உங்களுக்கு ஆர்? நான் ஆர்?"

ஊர் வந்த அடுத்த வருஷம் நசீர் ஒருவரைக் கூட்டிவந்தார். இறக்கக்கண்டிக்காரர். அந்த ஐவரில் ஒருவர். மேசையில் நடந்தது அவருக்குத் தெரியாது. ஒரே பட்டியலில் இருந்த ஊரவன் நோயாய்க் கிடக்கிறான் என்று நசீர் சொல்லப் பார்க்க வந்திருந்தார். றோசலின் என்னைத் தூக்கிக் கதிரையில் இருத்தினாள்.

"நாங்கள் அந்தப் பிளேனை விட்டிட்டம் அண்ணை" என்று சிரித்தார். "வழியில ஒரு கடைத்தெரு. ரேடியோ மலிவு எண்டாங்கள். எல்லாரும் இறங்கினம். பத்து நாளால கப்பல்ல வந்து சேந்தனாங்கள். ரேடியோ இப்பவும் நல்லாப் பாடுது."

நசீர் தலையைக் குனிந்துகொண்டார். கடல், மீன், வலை விலை என்று வந்தவர் கதைத்துக்கொண்டே போனார். நல்ல மனிதர். எனக்கு இடுப்பு நடுங்கத் தொடங்கியது. றோசலின் வந்து என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டபோதுதான் அவர் என் கால்களைப் பார்த்தார்.

"இது எப்படி வந்தது அக்கா?"

றோசலின் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன், வேண்டாம் என்று.

"வருத்தம், தம்பி" என்றாள்.

என் நாள் இப்போது காலை, மாலை என்று பிரிவதில்லை. கதிரையில் இருக்க ஏலுமான நேரம், ஏலாத நேரம். ஏலுமானது ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம். அதைச் சாப்பாட்டுக்கு வைத்திருப்பேன். அன்றைய நாற்பதும் அவரோடு போய்விட்டது. மத்தியானச் சோற்றை, நான் கிடந்தபடியே இருக்க, றோசலின் வாயில் தீத்திவிட்டாள்.