காணாத சிலந்திக்குத் தண்ணீர்

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது இங்கே மூன்று உயிர்கள் இருந்தன: என் கணவர், அவருடைய மகள், கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு சிலந்தி.

கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. பெரிய கப்பல்களை உள்ளே இழுத்து வரும் டக் படகில் இயந்திரம் பார்ப்பவர். முதல் மனைவி நோயில் போய்ச் சில வருடங்கள் கழித்து என்னைக் கட்டினார். நான் அதுவரை தோப்பூரில் தையல் தைத்துக்கொண்டு, கல்யாணம் என்ற பேச்சையே வீட்டாரிடம் நிறுத்தச் சொல்லிவிட்டு இருந்தவள். வரும்போது என் தையல் மிசினையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். முன்னறையில் யன்னலோரமாக நல்ல வெளிச்சம். மிசினை அங்கே வைத்தோம். அதற்குப் பக்கத்து மேசையில்தான் சிலந்தித் தொட்டி.

சுவர்மூலையில் வலை கட்டுகிற சிலந்தி இல்லை. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் மயிர், நிலத்தில் குழி தோண்டிக் குடியிருக்கும் சாதி. டரன்டூலா என்று பிள்ளை சொன்னாள். கப்பல்துறை என்ற ஊரில் அவர்களுக்கு ஒரு துண்டுக் காணி உண்டு. அங்கே கக்கூசுக்குக் குழி வெட்டும்போது மண்ணோடு சேர்ந்து மேலே வந்ததாம். மண்வெட்டியால் அடிக்கப் போன கூலியாளின் முன்னால் பிள்ளை போய் நின்று, தன் சாப்பாட்டுப் பெட்டியைக் கவிழ்த்து அதைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அது அவளுடைய தாய் இறந்த வருடம். அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

அவள் என்னை அன்ரி என்றாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைப்பாள், தானாக ஒரு கதையும் தொடங்க மாட்டாள். எனக்கு அது பெரிய கவலையாக இல்லை. வளர்ந்த பிள்ளை, என்னைப் பிடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நான் என் வேலையைச் செய்தேன். நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கத்து விடுதிகளுக்கு யன்னல் சீலை தைத்துக் கொடுக்கும் வேலை அப்போதே எனக்குக் கிடைத்துவிட்டது.

பிறகு அவளுக்கு மலைநாட்டில் கம்பஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. விடுதியில் சிலந்தி வைத்திருக்க விடமாட்டார்கள். புறப்படுவதற்கு முதல் நாள், நான் தைத்துக்கொண்டிருக்கும்போது வந்து பக்கத்தில் நின்றாள்.

"அன்ரி, உங்களுக்கு இதுக்குப் பயமோ?"

"எனக்குப் பாம்புக்குத்தான் பயம். இதுக்கில்லை. என்ன செய்யவேணும் எண்டு சொல்லு."

சொன்னாள். போத்தல் மூடியில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். மண்ணின் ஒரு மூலை மட்டும் ஈரமாக இருக்க வேண்டும். கிழமைக்கு ஒரு கரப்பான். அது தின்னாவிட்டால் மறுநாளே வெளியே எடுத்துவிட வேண்டும். சிலந்தி தோல் கழற்றும்போது உடம்பு பஞ்சு மாதிரி இருக்குமாம்; அந்த நேரத்தில் கரப்பானே அதைக் கடித்துக் கொன்றுபோடுமாம். "அப்ப யாரும் தொடவும் கூடாது, தோண்டவும் கூடாது. சரியோ?" என்றாள். தகப்பனிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னாளே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். காட்டிக்கொள்ளவில்லை.

அவள் போன புதிதில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கரப்பானைப் போட்டால் மாலையில் குழியிலிருந்து இரண்டு கால்கள் வரும், பிறகு பாய்ச்சல், அவ்வளவுதான். நான் வாட்சப்பில் குரல் பதிவு அனுப்புவேன்: "இண்டைக்குச் சாப்பிட்டது." அவள் ஒரு சிரித்த முகம் அனுப்புவாள். அது எங்கள் இருவருக்கும் போதுமானதாக இருந்தது.

வறண்ட கச்சான் காற்று தொடங்கிய நாட்களில் அது சாப்பிடாமல் விட்டது. போட்ட கரப்பான் மறுநாள் காலையில் கண்ணாடியில் ஏறி நிற்கும். எடுத்துவிடுவேன். ஒரு நாள் பார்த்தால் குழி வாசலையே காணவில்லை. மண்ணையும் நூலையும் சேர்த்து உள்ளேயிருந்து அடைத்திருந்தது. பிள்ளைக்குச் சொன்னேன். "தோல் கழற்றப் போகுது அன்ரி, விடுங்கோ" என்றாள்.

விட்டேன். ஆனால் கச்சான் விடவில்லை. அந்தக் காற்று வீசும் மாதங்களில் இங்கே துவைத்த துணி கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். போத்தல் மூடியில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் இருக்காது. பாமசியில் ஊசி இல்லாத சிரிஞ் ஒன்று வாங்கிவந்து, காலையும் மாலையும் மூலை மண்ணில் சொட்டுச் சொட்டாக விட்டேன். தொட்டியின் யன்னல் பக்கத்துக்கு ஈரச்சாக்குத் தொங்கவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன், மிசினை மிதித்தால் மூடியில் உள்ள தண்ணீர் வளையம் வளையமாக நடுங்குகிறது. நிலம் அதிர்ந்தால் இதற்கு எல்லாம் தெரியும் என்று பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது. அன்றே கணவரையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி மிசினைக் குசினிப் பக்கத்து ஒடுக்கமான விறாந்தைக்கு மாற்றினேன். அங்கே அடுப்புச் சூடும் மேல்தகரச் சூடும் சேர்ந்து பிடரியைச் சுடும்.

"ஒரு பூச்சிக்காக இந்த வெக்கைக்குள்ளை இருந்து தைக்கப்போறீரோ?" என்றார் கணவர்.

"பொறுப்பு எடுத்தனான். ஒழுங்காச் செய்யிறன்."

மாதங்கள் போயின. ஒன்றும் வெளியே வரவில்லை. பிள்ளையின் கேள்விகள் வேகமாக வரத் தொடங்கின. "கண்டீங்களோ?" "இல்லை." "இப்ப?" "இல்லை." தொட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன்; வெறும் மண். ஒரு மாலை போன் எடுத்தாள்.

"அன்ரி, உண்மையைச் சொல்லுங்கோ. செத்துப்போச்சோ?"

"நான் காணேல்லை. செத்தது எண்டும் சொல்ல ஏலாது. ஆனா உயிரோடை இருக்கு எண்டுதான் நான் நினைக்கிறன்."

"எப்பிடிச் சொல்லுறீங்கள்?"

"செத்திருந்தால் மணக்கும். வாசலிலை கட்டின நூல் தளரும். ரெண்டும் இல்லை."

அவள் போனை வைத்துவிட்டாள்.

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த கணவருக்குப் பொறுக்கவில்லை. "சும்மா, கண்டனான் எண்டு சொல்லிவிடுமேன். சோதினை வருது. பிள்ளை நிம்மதியாப் படிக்கட்டும்" என்றார்.

"நான் சொல்ல மாட்டன்" என்றேன்.

நான் சொல்லவில்லை, அவர் சொன்னார். அடுத்த கிழமை அவள் எனக்கு அனுப்பிய குரல் பதிவைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. "அப்பா ஞாயிற்றுக்கிழமை கண்டவராம். நீங்கள் ஏன் அன்ரி எனக்குச் சொல்லேல்லை?" சந்தோஷமான குரல். அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கணவரை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. ஆனால் அவள் கேட்டது என்னிடம்.

"நான் காணேல்லைப் பிள்ளை. வாசல் இன்னும் அடைச்சபடிதான் இருக்கு" என்று பதில் அனுப்பினேன். கணவரிடமும் உடனே சொன்னேன், இப்படிச் சொல்லிவிட்டேன் என்று. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

சோதினை முடிந்த மறுநாளே அவள் பஸ் ஏறி வந்தாள். பையைக் கதிரையில் போட்டாள். முகம்கூடக் கழுவவில்லை. குசினிச் சுவர்த் தட்டிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் போய் நின்றாள்.

"தோண்டப்போறன்."

நான் தடுக்கவில்லை. கதிரை ஒன்றை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"தோண்டுறது எண்டால் தோண்டு. உன்ரை சிலந்தி. ஆனா ஒண்டு யோசி. அது செத்திருந்தால் நாளைக்கும் செத்துத்தான் கிடக்கும், அவசரமில்லை. உயிரோடை இருந்தால் நீ இப்ப கொண்டுபோடுவாய்."

கரண்டி கையில் இருக்க நின்றாள். கண் நிறைந்துவிட்டது. "எல்லாரும் எனக்குப் பொய் சொல்லுறீங்கள்" என்றாள்.

"நான் உனக்கு என்ன பொய் சொன்னனான்? ஒண்டு காட்டு."

யோசித்தாள். தண்ணீர் குடிக்கவென்று குசினிக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"மிசின் ஏன் இங்கை கிடக்கு?"

வாசலில் அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கணவர் எனக்கு முன்னால் பதில் சொன்னார். "கச்சான் தொடங்கினதிலை இருந்து இங்கைதான் இருந்து தைக்கிறா. முன்னறையிலை மிசின் ஓடினால் உன்ரை சிலந்திக்கு அதிருமாம்."

அவள் மிசினைப் பார்த்தாள், மேலே தகரத்தைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

"நீங்கள் ஏன் அப்பா கண்டனான் எண்டு சொன்னீங்கள்?"

"நீ கவலைப்படக் கூடாது எண்டு."

"அம்மாவைப் பற்றியும் அப்பிடித்தான் சொன்னீங்கள். என்னை இறக்கக்கண்டியிலை மாமி வீட்டிலை விட்டிட்டு, அம்மாவுக்குச் சுகம் வருது, சுகம் வருது எண்டு. நான் வரேக்கை எல்லாம் முடிஞ்சு கிடந்தது."

என் கணவர் கப்பலை இழுக்கிற மனிசன். ஒரு இடத்தில் நின்று ஆடி நான் பார்த்ததில்லை. அன்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "ஓம். சொன்னனான். பிழைதான் பிள்ளை" என்றார். அவள் கரண்டியை அலசிச் சுவர்த் தட்டில் வைத்தாள். நான் சோறு போட்டேன். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

விடுமுறை முழுக்க இருந்தாள். காலையில் சிரிஞ்சால் தண்ணீர் விடுவது அவள் வேலையாயிற்று. பின்னேரங்களில் விறாந்தையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சீலை ஓரங்களுக்கு ஊசி குத்தித் தருவாள். விடுதிச் சாப்பாடு, கூட இருக்கும் பிள்ளைகள், பாடம் விளங்காத விரிவுரையாளர் என்று கதை வந்தது. தாயைப் பற்றியும் ஒருமுறை சொன்னாள், அவ மீன் வெட்டும்போது பாட்டுப் படிப்பாவாம். சிலந்தி மட்டும் வரவில்லை. அதைக் காணாமலேதான் திரும்பிப் போனாள். போகும்போது "வந்தால் சொல்லுங்கோ, வராட்டிலும் சொல்லுங்கோ" என்றாள்.

முதல் மழை விழுந்து இரண்டொரு நாளில், காலை தண்ணீர் விடப் போனேன். தொட்டியில் வாசல் திறந்து கிடந்தது. வாசலுக்கு வெளியே சிலந்தி மடங்கிக் கிடந்தது. எட்டுக் கால்களும் உள்ளே சுருண்டு, அசைவில்லாமல்.

இனி அவளுக்கு என்ன சொல்வேன்? ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். வீடியோ அழைப்பில் அவளைக் கூப்பிட்டேன். அவள் விடுதிக் கட்டிலில் பல் தீட்டாத முகத்தோடு இருந்தாள்.

"பிள்ளை, வெளியிலை வந்து கிடக்கு. அசையேல்லை. நீயே பார்."

கமராவைக் கண்ணாடியோடு பிடித்தேன். அவள் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தாள். பிறகு, "அன்ரி, கிட்டக் காட்டுங்கோ. முதுகு மூடி மாதிரித் திறந்திருக்கோ?"

உற்றுப் பார்த்தேன். ஓம், திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை, வெற்றுக் கோது.

"அது தோல் அன்ரி! தோல்! கழட்டி வெளியிலை எறிஞ்சிருக்கு!" அவள் கத்திய கத்தில் அறையில் தூங்கிய மற்றப் பிள்ளைகள் எழும்பி என்னவோ ஏதோ என்று கேட்பது எனக்குக் கேட்டது. நானும் சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான். கணவர் சவரக் கத்தியோடு ஓடிவந்தார். போனை அவரிடம் கொடுத்தேன். தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நான் இன்னும் சிலந்தியைக் காணேல்லைப் பிள்ளை. தோலைத்தான் காணுறன்."

"சரியப்பா" என்றாள் அவள்.

சிலந்தியின் புதுப் பல் இறுகும்வரை சாப்பாடு போடக் கூடாது என்றாள், பொறுத்திருந்தேன். பிறகு ஒரு மாலை, மழை விட்ட நேரம், ஒரு கரப்பானைப் போட்டுவிட்டு அசையாமல் நின்றேன். குழியிலிருந்து முன்கால்கள் வந்தன. புதுக் கறுப்பு வெல்வெட் துணி மாதிரி. முந்தியதைவிடப் பெரிசு. முழு உடம்பும் வெளியே வந்து, ஈர மூலையில் ஒரு கால் வைத்து நின்றது. பிறகு பாய்ந்து பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. படம் எடுக்க நேரம் இருக்கவில்லை. "கண்டனான். சாப்பிட்டது" என்று குரல் பதிவு அனுப்பினேன். படம் எங்கே என்று அவள் கேட்கவில்லை.

வரும் விடுமுறைக்கு விடுதித் தோழிகள் இரண்டு பேரைக் கூட்டிவரப் போகிறாளாம், சிலந்தி பார்க்க. தாராளமாக வரட்டும், மீன் குழம்பும் இடியப்பமும் செய்து வைக்கிறேன், ஆனால் சிலந்தி முகம் காட்டும் என்று நான் பொறுப்பு நிற்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.