கடலின் நினைவு, ஐந்தாவது தட்டு

கல்வராயன் மலையில் புதிதாகத் திறந்திருக்கும் ஜப்பானிய உணவகம். பன்னிரண்டு தட்டு விருந்தில் ஐந்தாவதற்கு வந்திருக்கிறோம். அழைத்திருப்பவர் கணவரின் முதலாளி. பதவி உயர்வு அவர் கையில் இருப்பதால் எழுந்துபோக முடியாது. தட்டுக்குத் தட்டு இருபது நிமிடம். இதுவரை கிடைத்தவை முள்ளங்கிச் சீவலும் ஒன்றரைக் காளானும். மூன்று வயது மகள் பசியில் அழுகிறாள். இட்லி கட்டி வந்திருக்கலாமோ?

ஐந்தாவது தட்டில் ஒரு கூழாங்கல், மேலே உப்பு. "இது கடலின் நினைவு. நாக்கால் தொட்டுப் பாருங்கள்" என்கிறார் சென்னையிலிருந்து வந்த சமையல்காரர். இடஒதுக்கீட்டு மறியலில் மீன் வண்டி உளுந்தூர்பேட்டையில் நிற்கிறதாம். பச்சை மீனைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று காலையிலிருந்து தவித்த எனக்கு நிம்மதி. முதலாளி கல்லை நக்கிவிட்டு, "என்ன ஆழம்!" என்கிறார். கணவரும் நக்குகிறார்.

தட்டெடுக்க வந்த மலையூர்ப் பெண் குனிகிறாள்.

"பாப்பா அழுதுகினே இருக்குதேக்கா. சாமைச் சோறு இருக்குது, போடட்டுங்களா?"

"அது எத்தனையாவது தட்டு?"

"எங்களுக்கு ஆக்குனதுக்கா. ஒரே தட்டுதான்."

கணவர் கண்ணால் தடுக்கிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடக்கிறேன். தவறு செய்கிறேனோ?

அடுப்படித் தரையில் சமையல்காரர் சம்மணமிட்டு, சாமைச் சோற்றில் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டிருக்கிறார். எழவில்லை; நகர்ந்து எங்களுக்கு இடம் விடுகிறார். வெளியே முதலாளி மணியடிக்கிறார்.

"இருபது நிமிஷம் ஆகும்னு சொல்லு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, சமையல்காரர் மறுசோற்றுக்குத் தட்டை நீட்டுகிறார்.