ஒரு கையால் திறக்கணும்

பூட்டைத் திறப்பது வலது கை. தபாலை எடுப்பது வலது கை. அதே கட்டிடத்தில் குடியிருக்கும் என்னை மாடிப்படியில் பார்த்ததும் கன்னத்தைக் கிள்ளுவதும் வலது கைதான். சுல்மா பெர்தோமோவின் இடது கை உலக விவகாரங்களிலிருந்து ஓய்வு பெற்று வெகுநாள் ஆகிறது. இடது கக்கத்தில் இடுக்கிய வெந்நீர் பிளாஸ்க். அதே கையின் விரல்களுக்குள் நாங்கள் தேநீர் போலக் குடிக்கும் மாத்தே இலை அடைத்த சுரைக்குடுக்கை, அதில் செருகிய உறிஞ்சுகுழல். எங்கள் மொண்டேவீடியோவில் எல்லோரும் இப்படித்தான் அலைகிறோம். ஆனால் மற்றவர்கள் எப்போதாவது கீழே வைப்பார்கள். சுல்மா வைக்க மாட்டார். வங்கியில் இடது கட்டைவிரல் ரேகை கேட்டபோது, "இன்னொரு நாள் வரேன்" என்று திரும்பி வந்துவிட்டவர்.

வயது அறுபத்தொன்று. விழாக்களில் எடுத்த படங்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது தொழில். ஊர்ப் பெயரிலேயே வீடியோ இருப்பதால் தனக்கு வேறு பிழைப்பு வாய்த்திருக்காது என்பார். கல்யாணங்கள் உண்டு; பெண்பிள்ளைகளின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாக்கள் அதைவிட அதிகம். எந்த விழாவிலும் ஒரு மாமா குடித்துவிட்டு மேசைமேல் விழுவார். "வெட்டித்தான் ஆகணும், அந்தப் பொண்ணு பாவம்ல. ஆனா தூக்கிப் போட மனசு வராது. எல்லா மாமாவையும் தனியா சேத்து வச்சிருக்கேன்," என்று கண்ணடிப்பார். எனக்கு ஒருநாள் போட்டுக் காட்டினார். நாற்பத்திரண்டு மாமாக்கள். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இத்தனை வேலையையும் இழுப்பது பின்னறையில் இருக்கும் மேசைக் கணினி. அதற்கு அவர் வைத்த பெயர் பீரோ. உயரமும் அப்படி, பலமும் அப்படி. ஐந்து மணி நேர விழாவை அசராமல் விழுங்கும். ஒரே ஒரு கெட்ட குணம். வேலையை முடித்துக் கொடுக்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நடுவில் சட்டென்று நின்று ஏதாவது கேள்வி கேட்கும். பதில் சொல்ல ஆளில்லாவிட்டால் அப்படியே நின்றுவிடும். "அடுப்புல பால் வச்ச மாதிரிதான். அந்தப் பக்கம் திரும்புனா போச்சு," என்பார். அதனால் பதினோரு வருடமாக எல்லா மாலையும் பின்னறையில்தான் கழிந்தது.

இதில் பாவப்பட்ட ஜீவன் அவருடைய கணவர் யமந்தூ. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் வெயில் தாழ்ந்ததும் இரண்டு மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றோர நடைபாதைக்குப் போவார். இரண்டையும் விரித்துப் போடுவார். ஒன்றில் உட்கார்வார். போன டிசம்பரில், எங்கள் ஊரில் கோடை தொடங்கும் நேரத்தில், படியில் வைத்தே சொல்லிவிட்டார்: "இங்க பாரு கிழவி, இந்தக் கோடைக்கும் நீ வரலைன்னா, உன் நாற்காலியை அங்க மீன் புடிக்கிறானே, அவனுக்குக் குடுத்துடுவேன்." நான் சிரித்தேன். சுல்மா சிரிக்கவில்லை. எனக்கு ஏன்டா சிரித்தோம் என்று ஆகிவிட்டது.

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. முந்தைய கோடையில் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு, பீரோவுக்குச் சமமான பலமுள்ள மடிக்கணினி ஒன்றை வாங்கினார். மூன்று கிலோ. ஆற்றங்கரையில் திறந்தால் அதன் விசிறி போட்ட சத்தத்தில் மீன் பிடிப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெயிலில் திரை வெறும் கரும்பலகையாகத் தெரிந்தது. முக்கால் மணியில் சார்ஜ் காலி. எல்லாவற்றுக்கும் மேலாக, அதைத் திறக்க இரண்டு கை வேண்டும். எங்கள் ஊர்க்காரி பிளாஸ்க்கை இறக்கி வைப்பாளா? கக்கத்தோடு சேர்த்துத் திறக்கப் போய், பிளாஸ்க் நழுவி, அத்தனை வெந்நீரும் விசைப்பலகைக்குள். "மாத்தே குடிச்சே செத்துப்போன மொத கம்ப்யூட்டர் அதுதான்," என்று அதற்கு இரங்கல் சொன்னார்.

இந்த ஜனவரியில், பதினெட்டு ஜூலை என்று பெயர் கொண்ட நிழற்சாலையில் இருக்கும் ஒரு கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். விற்பனையாளர் ஃபகுந்தெஸ், வழுக்கைத் தலையர், நல்ல மனிதர். நேராகப் பெரிய மடிக்கணினியிடம் கூட்டிப்போனார். விசைகளுக்கு அடியில் கலர் கலராக விளக்கு எரிந்தது.

"மேடம், இது உங்க வீட்டு மிஷினையே தூக்கிச் சாப்பிட்டுடும்."

"எதுக்குத் தம்பி சாப்பிடணும்? வீட்டுல எருது கட்டியிருக்கேன். இப்ப எனக்கு வேண்டியது கயிறு."

"புரியலையே மேடம்."

"பலம் வேண்டாம். பலம் வீட்டுல இருக்கு. தூரத்துல உக்காந்து அதை எட்டிப் பாக்கணும், கேட்டா பதில் சொல்லணும். அவ்வளவுதான். நகருங்க."

பரீட்சை தொடங்கியது. கக்கத்தில் பிளாஸ்க், கையில் குடுக்கை, மிச்சமிருக்கும் கையின் ஒரு விரலால் மூடியைத் தூக்கினார். முதல் கணினியின் அடிப்பாகமும் கூடவே எழுந்து வந்தது. "தள்ளு." இரண்டாவது வாயையே திறக்கவில்லை. "பிடிவாதக்காரி, தள்ளு." ஃபகுந்தெஸ் கொஞ்ச நேரம் வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு கல்லாவுக்குப் பின்னால் இருந்த தன் பிளாஸ்க்கை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இருங்க மேடம், நானும் பாக்கறேன். இத்தனை வருஷமா விக்கிறேன், எனக்கு இது தோணலையே!" தொலைபேசி வாங்க வந்த இருவரும் சேர்ந்துகொண்டார்கள், அவர்களிடமும் பிளாஸ்க் இருந்தது, இல்லாமல் எங்கே போகும். நான்கு பேர் ஒற்றை விரலால் மூடிகளைத் தூக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, வாசலில் நின்ற காவலாளி எட்டிப் பார்த்தார்.

தேறியவை இரண்டு. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு சுல்மா விறுவிறுவென்று வாசலைத் தாண்டி வெயிலுக்குப் போனார். எச்சரிக்கை மணி அலறியது. காவலாளி ஓடினார், ஃபகுந்தெஸ் ஓடினார், மானம் போன நான் கடைசியாக ஓடினேன்.

"கத்தாதீங்கப்பா, திருடல. வெளிச்சத்துல தெரியுதான்னு பாக்கறேன்." திரையில் ரோஜா நிறக் கவுன் போட்ட பிறந்தநாள் பெண் ஒருத்தியின் படத்தை வரவழைத்தார். "இந்த ரோஸ் ரோஸாத் தெரியணும். சிவப்பாத் தெரிஞ்சா இவ அம்மா என்னை உயிரோட விடமாட்டா." தெரிந்தது. அப்படியே மூடி மார்போடு அணைத்துக்கொண்டார்.

ஃபகுந்தெஸுக்கு மனசாட்சி உறுத்தியது. "மேடம், இது ரொம்பச் சாதாரணம். விளையாட்டு எதுவும் இதுல ஓடாது."

"விளையாட எனக்கு வீட்டுக்காரர் இருக்காரு," என்றார் சுல்மா. காவலாளிதான் முதலில் சிரித்தார்.

அந்த வார வியாழக்கிழமை என்னையும் ஆற்றங்கரைக்கு அழைத்தார்கள். எனக்கொரு நாற்காலியை நானே தூக்கிப்போனேன். சூரியன் இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சுல்மா வாங்கி வந்த புதுக் கணினியை மடியில் வைத்து ஒரு விரலால் திறந்தார். வீட்டுப் பின்னறையில் ஓடிக்கொண்டிருந்த பீரோவின் திரை அப்படியே மடியில் தெரிந்தது. யமந்தூவின் முகம் சுருங்கியது.

"பீரோவை இங்கயும் கட்டி இழுத்துட்டு வந்துட்டியா?"

"அது வீட்டுலதான் இருக்கு, கிழவா. நான்தான் வந்திருக்கேன்."

சொல்லி வாய் மூடவில்லை, பீரோ நின்றுவிட்டது. திரையில் கேள்வி. யமந்தூ ஆற்றைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். வீட்டில் என்றால் இந்த இடத்தில்தான் சுல்மா எழுந்து பின்னறைக்கு ஓடுவார். இப்போது விரலால் ஒரு தட்டு. வீட்டில் பீரோ மறுபடி நகர்ந்தது. "பாத்தியா!" என்று சின்னப் பெண்ணைப் போல என் தொடையில் அடித்தார். வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

யமந்தூதான் தன் பிளாஸ்க்கிலிருந்து, ஒரே குடுக்கையில் மாற்றி மாற்றி, எல்லோருக்கும் மாத்தே ஊற்றினார். மூன்றாவது சுற்றில் நான் குடுக்கையைத் திருப்பிக் கொடுத்து "நன்றி" என்றேன். மாத்தே வட்டத்தில் நன்றி சொன்னால் போதும் என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் நீட்ட மாட்டார்கள். வீட்டில் சுல்மா முதல் சுற்றிலேயே நன்றி சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்விடுவார் என்று யமந்தூ என்னிடம் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறார்.

சுல்மாவின் முறை வந்தது. குழல் கொர்ரென்று காற்றை இழுக்கும்வரை குடித்தார். குடுக்கையை நீட்டினார். யமந்தூ அதை வாங்கிக்கொண்டு, பிளாஸ்க்கைச் சாய்க்காமல், அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சுல்மா காலைத் தளர்த்தி நீட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. யமந்தூ குடுக்கையை விளிம்புவரை நிரப்பினார்.