ஆறு பெட்டிக்கு ஒரு சாம்பிள்

பெரியசாமிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் பதின்மூன்று வருடம் பாறைச் சாம்பிள் எடுத்தவர். சுரங்கம் மூடியபின் பெங்களூருவில் செக்யூரிட்டி, பங்காருபேட்டையில் மரக்கடை என்று எதிலும் ஒரு வருடம் தாண்டவில்லை. நான்கு வருடமாக அவரைப் பிடித்து வைத்திருப்பவை பூதிகோட்டை மாந்தோப்பில் இருக்கும் ஆறு தேனீப் பெட்டிகள்தான். "என்னால முடியாதத ஈ செஞ்சிட்ச்சி" என்பாள் அவர் மனைவி சின்னம்மா.

இந்த ஆடியில் இரண்டாம் பெட்டி மெலிந்தது. அடையைத் தூக்கிப் பார்த்தார். புழுக்கள் மல்லாந்து, தண்ணீர்ப் பைபோல ஊதிச் செத்துக் கிடந்தன. பூ இல்லாத மாதம், மற்ற பெட்டிகளும் சோர்ந்திருக்க, நான்காம் பெட்டியில் மட்டும் ஈ பொங்கி வழிந்தது. அதன் புழு அடைகளை மற்றவற்றுக்குப் பிரித்துக் கொடுத்தால் எல்லாம் தேறிவிடும். ஆனால் இது வைரஸாக இருந்து, நான்காம் பெட்டியிலும் ஒளிந்திருந்தால்? தன் கையாலேயே ஆறையும் கெடுத்ததாகிவிடும்.

பக்கத்து வீட்டு ஷோபா தினமும் ரயிலேறி பெங்களூருவில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போகிறவள். "சாம்பிள் குட்த்து அனுப்புங்க மாமா, பாத்துச் சொல்றேன்" என்று ரயிலுக்கு ஓடிக்கொண்டே சொன்னாள்.

சாம்பிள் எடுக்க அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆறு பெட்டியிலும் சமமாகப் புழு எடுத்தார். இரண்டு நாள் வெயிலில் காயவைத்தார். உரலில் இடித்து, ஒன்றாகக் கலந்து, குவியலை நான்காகப் பிரித்து, ஒரு பங்கைத் துணிப்பையில் கட்டினார். தேதிச்சீட்டும் கோத்து ஷோபாவிடம் கொடுத்தார்.

மறுநாள் மாலை ரயில் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே ஸ்டேஷனில் நின்றார். ஷோபா அதே துணிப்பையோடு இறங்கினாள்.

"இன்னா மாமா இது, ரசப்பொடியா? எங்க மேடம் மோந்து பாத்தாங்க."

"சாம்பிள் கேட்டியேம்மா. மைன்ஸ்ல இப்டித்தான் குடுப்போம்."

"தங்கம் காஞ்சாலும் தங்கம்தான். வைரஸ் வெயில்ல செதஞ்சு பூடும். அப்பறம் மிஷின்ல போட்டா ஒண்ணும் இல்லன்னுதான் வரும். நீங்களும் நிம்மதியா அடையப் பிரிச்சுக் குட்த்துருப்பீங்க. அதும் ஆறையும் கலந்துட்டீங்க, எந்தப் பொட்டிக்குன்னு நான் சொல்றது?"

அவர் பையை வாங்கிச் சட்டைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார். காது சுட்டது.

அடுத்த நாள் விடிந்ததும் தோப்புக்குப் போனார். ஷோபா கொடுத்த ஆறு குப்பிகளில் பெட்டி வாரியாக உயிருள்ள புழு எடுத்து எண் எழுதினார். ஒவ்வொரு பெட்டிக்கும் கையையும் இடுக்கியையும் கழுவினார். மீன் கடையில் வாங்கிய ஐஸ்பெட்டியில் அடுக்கி, காலை ரயிலில் அவளோடு ஏற்றிவிட்டார்.

பிறகு மூன்று நாள். பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போவார், நான்காம் பெட்டியின் மூடியில் கை வைப்பார், திறக்காமல் திரும்புவார்.

"பெட்ரோலு தீந்துடும், ஈ தீராது. செத்த உக்காரு" என்றாள் சின்னம்மா.

மூன்றாம் நாள் மதியம் போன் வந்தது.

"ரெண்டுலயும் நாலுலயும் வைரஸ் கீது மாமா. மத்ததுல இல்ல."

"நாலு நல்லா கீதேம்மா."

"நமக்குத் தெரியறதுக்கு முன்னாலயே மிஷினுக்குத் தெரிஞ்சுடும். அந்த ரெண்டையும் தூரமா வையுங்க, புழு அடையெல்லாம் எரிச்சுடுங்க. ராணிய பதினஞ்சு நாளு கேஜ்ல போடணும்னாங்க மேடம். முட்டை இல்லன்னா புழு இல்ல, வைரஸ் வளரவும் எடமில்ல."

கேஜ் என்றால் அவருக்குச் சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் இரும்புக் கூண்டுதான்.

அன்று மாலை அவரும் சின்னம்மாவும் அந்த இரண்டு பெட்டிகளையும் தோப்பின் கடைசிக்குத் தூக்கிப் போனார்கள். அடைகள் எரிந்தன. நான்காம் பெட்டி ராணியைப் பிடித்துக் கம்பிக் கூட்டில் அடைத்தார். அது மூலைக்கு மூலை ஓடியது.

சின்னம்மா குனிந்து பார்த்தாள். "இதுக்கும் உக்காரத் தெரியல."

"பதினஞ்சு நாளு" என்றார் பெரியசாமி. மூடியைப் போட்டுவிட்டு, இன்னொரு கூட்டோடு இரண்டாம் பெட்டியை நோக்கி நடந்தார்.